வழக்கறிஞர் அல்லாதவர்

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவளுடைய சட்டப் பட்டத்தை ஒரு பட்டமாக ஏற்றுக்கொள்வதில் மகிழ்ச்சி அடைவதாக அதில் எழுதியிருந்தார்கள். சட்டப் பட்டமாக அல்ல, பட்டமாக. இந்த முடிவுக்கு வர வாரியத்துக்கு மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்தன.

வாரியத்தின் முழுப்பெயர் அயல்நாட்டுச் சட்டப் பட்டங்கள் தகுதி மதிப்பீட்டு வாரியம். பெயர்ப்பலகை அதன் வாசலில் தொடங்கிப் பக்கத்துக் கட்டடத்துப் பல் மருத்துவமனையின் நெற்றியில் முடிந்தது. அதனால் பல்வலியோடு வருகிறவர்கள் சிலர் தவறுதலாக இங்கே டோக்கன் எடுத்துக் காத்திருப்பதுண்டு. அவர்களில் ஒருவர் இரண்டாம் கட்டப் பரிசீலனை வரை போயிருக்கிறார்.

அவள் சொந்த நாட்டில் பதினான்கு வருஷம் வக்கீலாக இருந்தவள். வாடகை வழக்கு, ஜீவனாம்ச வழக்கு, சொத்துத் தகராறு என்று வாரத்தில் ஆறு நாளும் கறுப்புக் கோட்டு. புருஷனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை கிடைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தபோது, ஆறு மாதத்தில் இங்கேயும் கோட்டு மாட்டிவிடலாம் என்று அதை மடித்துப் பெட்டியின் மேலாக வைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது ஒரு வக்கீல் ஆபீசில் அவளுக்குக் கோப்பு கட்டும் வேலை. தாளில் ஓட்டை போடுவது, நாடா கோப்பது, பக்க எண் எழுதுவது. முதலாளி எழுதிய மனுவில் பிழை கண்ணில் பட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி வைத்த இடத்தை முதலாளி திருத்தி அனுப்புவார். இதைப்பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. "லைசென்ஸ் மட்டும் வாங்கிட்டு வாங்கம்மா, மறுநாளே கோர்ட்டுக்கு அனுப்பிடறேன்" என்று மட்டும் அவர் அவ்வப்போது சொல்வார்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புருஷன் சத்தமாகப் படித்தான். மோட்டார் கையேட்டைப் படிக்கிற மாதிரி, வரிக்கு அடியில் விரல் வைத்து.

"ஒவ்வொரு பாடமும் எத்தனை மணி நேரம் நடந்ததுன்னு காலேஜ் முதல்வர் எழுதிக் கொடுக்கணும். அரக்கு வச்ச உறையில நேரா அவங்களுக்கே வரணும். தொழில் நெறிப் பாடம் முப்பத்தாறு மணி நேரத்துக்குக் குறைஞ்சா பட்டம் செல்லாது." விரல் கீழே இறங்கியது. "விண்ணப்பம் போட்டு அஞ்சு வருஷத்துல முடியலைன்னா கோப்பை மூடிடுவாங்களாம். மூடினா திறக்க மாட்டாங்க. திரும்ப விண்ணப்பமும் போட முடியாது."

"மூணு வருஷத்த அவங்களே தின்னுட்டாங்களே!"

"அதுவும் போட்டிருக்கு. பரிசீலனைக் காலமும் சேர்த்துத்தான் அஞ்சு வருஷம்."

கையில் ஒன்றே முக்கால் வருஷம் சொச்சம் இருந்தது. அவள் அன்றைக்கே கல்லூரிக்குப் போன் செய்தாள்.

கல்லூரி முதல்வர் அவளோடு படித்தவர். தேர்வு மண்டபத்தில் அவளுக்குப் பின் இருக்கை. கழுத்து நீளம் என்பதாலும், அதை அவர் நன்றாகப் பயன்படுத்தினார் என்பதாலும் வகுப்பில் அவருக்கு எட்டிப்பார்த்தான் என்று பெயர். இப்போது அவரை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை, அவளைத் தவிர.

"தொழில் நெறிப் பாடமா?" என்று முதல்வர் கொஞ்சம் யோசித்தார். "நம்ம வருஷம் அதுக்கு வாத்தியாரே போடலையே. ஒரு மணி நேரம்கூட நடக்கலை. பரிட்சை மட்டும் வச்சாங்க."

"அதான் போன் பண்ணேன்."

"இதுல என்ன இருக்கு? நாப்பது மணி நேரம்னு போட்டுடறேன். யார் வந்து எண்ணப் போறாங்க?"

நாற்பது என்ற ஒரு எண். எழுதிவிட்டால் கதவு திறந்துவிடும். ஆனால் நெறி படித்தேன் என்று பொய்ச் சான்று வாங்கி நெறியுள்ள வக்கீலாவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேண்டாம்டா. நடந்ததை எழுது. நடக்காததை எழுதாத."

"உனக்குப் பைத்தியமா? குடும்பத்தோட போய் உக்காந்திருக்க. மூணு வருஷம் போச்சு!"

"பதினாலு வருஷத்துல ஒரு பொய்ப் பத்திரம்கூடக் கோர்ட்டுல வச்சதில்ல. முதல் தடவையா என் பேர்லயே வைக்கணுமா?"

"நான் என்ன எழுதணுமோ எழுதிக்கறேன், விடு" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். என்ன எழுதப்போகிறார் என்று சொல்லவில்லை. இருபத்தாறு பாடங்களுக்கும் பழைய வருகைப் பதிவேடு தேடி எழுதி, பல்கலைக்கழகத்தில் முத்திரை வாங்கி, அந்த உறை வந்து சேர ஏறக்குறையப் பதினோரு மாதம் ஆனது.

வந்து சேர்ந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். வாரியத்தின் மூன்றாம் கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. அதில் சிவப்பு அரக்கோடு அவளுடைய கல்லூரியின் உறை நின்றுகொண்டிருந்தது. கவுண்டரில் கோப்பு அதிகாரி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட பெண்மணி.

"வந்திருக்கு" என்றார் அவர். "ஆனா பிரிக்கணும்."

"பிரிங்களேன்."

"நானா? உறைய நான் பிரிச்சா அது செல்லாது. உறை பிரிப்பு அலுவலர்தான் பிரிக்கணும்."

"அவர் எங்க?"

"ஓய்வு பெற்றுட்டார். பதவி காலியா இருக்கு. நிரப்பறதுக்கு விண்ணப்பங்க வந்திருக்கு." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "உறையில போட்டு அனுப்பியிருக்காங்க."

அவள் பதினொரு மாதம், வாரம் தவறாமல், வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனாள். உறை அங்கேயே இருந்தது. ஒருமுறை கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. பெருக்குகிறவர் துடைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது ஏனோ அழுகை வந்தது.

இந்த நிலையில் வாரியத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. அவள் குடியிருந்த அடுக்குமாடியில் எல்லாரும் அவளை வக்கீலம்மா என்று கூப்பிடுகிறார்கள். லைசென்ஸ் இல்லாதவரை அப்படிக் கூப்பிடுவது சட்ட விரோதம். வாரியம் உடனே விழித்துக்கொண்டது. நான்கு வருஷத்தில் அதனிடமிருந்து ஒரே வாரத்தில் வந்த பதில் அது ஒன்றுதான். குடியிருப்போர் அனைவரும் இனிமேல் அப்படி அழைப்பதில்லை என்று கையெழுத்திட்டு உறுதிமொழி தர வேண்டும். தவறினால் நன்னடத்தைப் பிரிவில் கோப்பு நிராகரிக்கப்படும்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் தட்டாமல் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு, "போதுமா வக்கீலம்மா?" என்று கேட்டார்கள்.

உறுதிமொழியை வாங்கிக்கொண்ட வாரியம் அவளுக்கு ஒரு சான்றிதழ் தந்தது. தடித்த தாள், நீல முத்திரை, தலைவரின் கையெழுத்து. 'இதனைக் கொண்டிருப்பவர் வழக்கறிஞர் அல்லர்' என்று நடுவில் கொட்டை எழுத்தில் இருந்தது. வெளியே போகும்போதெல்லாம் அதைக் கையில் வைத்திருக்க வேண்டுமாம்.

பன்னிரண்டு வயது மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நானும் வக்கீல் இல்லதானே? எனக்கு ஏன்மா தரலை?" என்று கேட்டாள்.

"நீ இன்னும் படிக்கலையே கண்ணு. படிச்சாத்தான் தருவாங்க."

ஐந்து வருஷம் முடிய மூன்று நாள் இருக்கும்போது விசாரணைக்கு அழைப்பு வந்தது. நாலாம் அறை, காலை பத்து மணி. கூடவே விதிமுறைகள் பதினோரு பக்கம். அவள் அதைத் தொடவில்லை. புருஷன்தான் அதை வேலைக்கு எடுத்துப்போய், நின்றுபோன லிஃப்டுகளின் மேல் உட்கார்ந்து மூன்று தடவை படித்தான்.

"விசாரணையில நீ சட்டம் பேசக் கூடாதும்மா" என்றான் சாயங்காலம். "ஏதாவது ஒரு பிரிவைச் சொன்னாலே லைசென்ஸ் இல்லாம தொழில் பண்ணதா அர்த்தம். கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லலாம்."

"வக்கீல் வச்சுக்கலாமா?"

"வக்கீலுக்கு உள்ள அனுமதி இல்ல."

"அப்ப யார்தான் பேசுவா?"

அவன் பத்தொன்பதாம் விதிக்கு அடியில் விரலை வைத்தான். "விண்ணப்பதாரர், வழக்கறிஞர் அல்லாத வேறொருவரை உதவியாளராக அழைத்துக்கொள்ளலாம். உதவியாளர் விதிகளைச் சுட்டிப் பேசலாம்." நிமிர்ந்து பார்த்தான். "நான் வக்கீல் இல்லையே."

நாலாம் அறையில் நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர்; வெள்ளை மீசை, இரண்டு பேனா. வலப்பக்க உறுப்பினர் குறிப்பெடுத்தார். இடப்பக்க உறுப்பினர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், அல்லது கண்ணை மூடியிருந்தார். சுவரில் கடிகாரம். மேசையில் அவளுடைய உறை.

தலைவர் எழுந்து நின்றார். "உறை பிரிப்பு அலுவலர் பதவி காலியா இருக்கறதால, இன்னிக்கு ஒரு நாள் அந்தப் பொறுப்ப நானே ஏத்துக்கறேன்" என்று அறிவித்து, தனக்குத் தானே ஒரு தாளில் உத்தரவு எழுதி, அதைத் தானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டார். பிறகு கத்தியை எடுத்து அரக்கில் வைத்தார்.

நாற்பது என்று எழுதியிருந்தால் பொய்க்காரி. பூஜ்யம் என்று எழுதியிருந்தால் ஐந்து வருஷம் தண்ணீரில். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் புருஷனின் சட்டைக் கையை மேசைக்கடியில் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் இருபத்தாறு பாடங்களையும் மெதுவாகப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. இருபத்தாறாவதில் நின்றார்.

"தொழில் நெறி. நடத்தப்பட்ட நேரம், பூஜ்யம். ஆசிரியர் நியமிக்கப்படவில்லை." வலப்பக்க உறுப்பினரின் பேனா நின்றது. தலைவர் தொடர்ந்தார். "ஆனால் தேர்வு நடந்தது. இவர் முதல் மதிப்பெண் பெற்றார். நான் இரண்டாவது. இவருடைய தாளைப் பார்த்து எழுதியதால் எனக்கு இது உறுதியாகத் தெரியும். இப்படிக்கு, முதல்வர்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எட்டிப்பார்த்தான் உண்மையை எழுதிவிட்டான், தேவைக்கு மேலேயே.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க தாளைக் காட்டினீங்களா, அவரா பார்த்தாரா?"

"அவரா பார்த்தார்."

"பார்க்கறார்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"மறைச்சீங்களா?"

"அவர் கழுத்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "இல்லை."

வலப்பக்க உறுப்பினர் எழுதிக்கொண்டார்.

"இது பெரிய விஷயம்" என்றார் தலைவர். அவர் குரல் கல்யாண மண்டபத்தில் பேசுகிற மாதிரி உருண்டது. "இந்த நாற்காலியில நான் உக்காந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு. எத்தனையோ நாட்டுல இருந்து எத்தனையோ பேர் வந்திருக்காங்க. எல்லாரும் முப்பத்தாறு மணி நேரம்னுதான் கொண்டு வருவாங்க. சிலர் நாப்பது, ஒருத்தர் எழுவது. கல்லூரியே இல்லாத ஊர்ல இருந்துகூட முப்பத்தாறு வந்திருக்கு, ஏத்துக்கிட்டோம். பூஜ்யம்னு இதுவரை ஒருத்தரும் கொண்டு வந்ததில்லை. ஏன்? தொழில் நெறி முறையா படிச்சவங்களுக்கு எதைக் கொண்டு வரணும்னு தெரியும். இந்த அம்மா படிக்கலைங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

இடப்பக்க உறுப்பினர் கண்ணைத் திறக்காமலே தலையசைத்தார்.

அவள் வாயைத் திறந்தாள். பத்து வருஷத்துக்கு மேல் தொழில் செய்தவர்களுக்கு விலக்கு உண்டு என்று, புருஷன் படிக்காத வழக்கறிஞர் சட்டத்தின் பிரிவு எண் நாக்கு நுனியில் நின்றது. வலப்பக்க உறுப்பினர் பேனாவைத் தயாராகப் பிடித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் குற்றம். சொல்லாவிட்டால் அறியாமை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப கோப்பை இன்னியோட மூடிடலாம்" என்று தலைவர் முத்திரையை எடுத்தார்.

"ஐயா, ஒரு நிமிஷம்."

புருஷன் எழுந்திருந்தான். வேலைச் சட்டையோடு வந்திருந்தான். பையில் டெஸ்டர் செருகியிருந்தது. அவன் குரல் முதலில் கொஞ்சம் உடைந்தது.

"நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. உதவியாளரா வந்திருக்கேன். உங்க விதி எட்டு, மூணாவது வரியப் பாருங்க. வாரியத்தோட தவறால தாமதமான காலம் அஞ்சு வருஷக் கணக்குல சேராதுன்னு போட்டிருக்கு. விதி பதினாலு, உறை வந்த ஏழு நாளுக்குள்ள பிரிக்கணும்னு சொல்லுது. இந்த உறை வந்து பதினோரு மாசம் ஆச்சுங்க. உங்க முத்திரைத் தேதி உறை மேலயே இருக்கு. அந்தப் பதினோரு மாசத்தக் கழிச்சீங்கன்னா கோப்பை மூட உங்களுக்கு இன்னிக்கு அதிகாரமே இல்லைங்க."

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வலப்பக்க உறுப்பினரும் புரட்டினார். இடப்பக்க உறுப்பினர் கண்ணைத் திறந்தார்.

"இந்த விதியை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் தலைவர்.

"முழுசாப் படிச்சேங்க. லிஃப்ட் எந்த மாடியில நின்னுச்சுன்னு தெரியணும்னா எல்லா மாடியையும் பார்க்கணும் இல்லீங்களா."

மூவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். கடைசியில் தலைவர் முத்திரையைக் கீழே வைத்தார். பதினோரு மாத நீட்டிப்பு. தொழில் நெறிக் குறைபாடு நிலுவையில். எழுந்து போகிறவனை அவர் நிறுத்தி, மனம் நிறைந்து பாராட்டினார். "நல்லாப் பேசறீங்க தம்பி. நீங்க சட்டம் படிச்சு இங்கேயே வக்கீலாகலாமே. உங்ககிட்ட வெளிநாட்டுப் பட்டம்னு ஒரு குறையும் இல்ல."

வெளியே வந்ததும் அவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"ஏங்க, என் வாழ்க்கையில இவ்வளவு நல்லா வாதாடி நான் பார்த்ததே இல்ல."

"எனக்கு டெஸ்டர் பிடிக்கத்தான் தெரியும்" என்றான் அவன்.

பெஞ்சில் இருந்த ஒருவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தன் நாட்டில் ஒன்பது வருஷம் நீதிபதியாக இருந்தவர். இங்கே காய்கறிக் கடையில் எடை போடுகிறார். தாழ்வாரத்தில் எல்லாரும் அவரைத் தராசு ஐயா என்றார்கள்.

"தம்பி, எனக்கும் வந்து பேசுவீங்களா?" என்றார்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் லீவுங்க ஐயா."

பெஞ்சில் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருடைய மடியிலும் பதினோரு பக்க விதிமுறை. அதில் ஒரு வரியைக்கூட உள்ளே போய்ப் பேச முடியாத வக்கீல்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கைப்பையைத் திறந்தாள். தடித்த தாளை வெளியே எடுத்தாள்.

"ஏங்க, விதியில என்ன போட்டிருக்கு? வழக்கறிஞர் அல்லாத வேறொருவர். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"எனக்கு நான் பேசக் கூடாது. இவங்களுக்குப் பேசலாமே!" நீல முத்திரை வெளிச்சத்தில் மின்னியது. "நான் வக்கீல் இல்லைன்னு தலைவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார்."

மறு வாரமே அவள் நாலாம் அறைக்குள் போனாள், தன் நாட்டில் ஒப்பந்தச் சட்டம் நடத்திய ஒரு பேராசிரியைக்காக. இங்கே அந்தப் பேராசிரியை துணி வெளுக்கும் நிலையத்தில் இஸ்திரி போடுகிறார். தலைவர் அவளைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினார். அவள் சான்றிதழை மேசையில் வைத்தாள். தலைவர் தன் கையெழுத்தைத் தானே நெடுநேரம் பார்த்தார். பிறகு தொடங்கச் சொன்னார். இருபது நிமிஷத்தில் விசாரணை முடிந்தது. பேராசிரியைக்கு லைசென்ஸ் உத்தரவானது.

அதன் பிறகு தாழ்வாரத்தில் கூட்டம் சேர்ந்தது. முதலாளியிடம் கேட்டு வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் நாலாம் அறை. மூன்று மாதத்தில் பதினேழு விசாரணை. பதினாறில் உத்தரவு வந்தது; பதினேழாவது ஆள் பல் மருத்துவமனைக்கு வந்தவர்.

வாரியம் கலங்கிப்போயிற்று. அதற்கு முன் பன்னிரண்டு வருஷத்தில் மொத்தம் இருபத்து மூன்று பேருக்குத்தான் லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். பத்தொன்பதாம் விதியை நீக்க அவசரக் கூட்டம் போட்டார்கள். விதியை நீக்கப் பதினாறு மாதம் கருத்துக் கேட்க வேண்டும் என்று இன்னொரு விதி சொன்னது. அதை எழுதியதும் அவர்கள்தான்.

ஒரு நாள் கோப்பு அதிகாரி கவுண்டரைத் தாண்டி வெளியே வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். இதுவரை நடக்காத விஷயம்.

"உங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கறதா முடிவு பண்ணிட்டாங்க" என்றார் மெதுவாக.

"தொழில் நெறிக் குறைபாடு?"

"தீர்ந்துடுச்சு. நீங்க அஞ்சு வருஷமா இந்தத் தாழ்வாரத்துல காத்திருந்த நேரத்தக் கூட்டிப் பார்த்தாங்க. நானூத்திப் பன்னெண்டு மணி நேரம். வாரிய வளாகத்துக்குள்ள இருந்ததால அத்தனையும் தொழில் நெறிப் பயிற்சின்னு தீர்மானம் போட்டாச்சு." அவர் சங்கிலியைத் திருகினார். "வக்கீலாயிட்டீங்கன்னா நாலாம் அறைக்குள்ள வர முடியாது பாருங்க."

உத்தரவு மறுநாள் வந்தது. முப்பது நாளுக்குள் மேல்மாடிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து. கையெழுத்திட்ட நொடியிலிருந்து அவள் வழக்கறிஞர்.

மகள் சமையலறைக்கும் கூடத்துக்குமாகக் குதித்தாள். புருஷன் பெட்டியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து உதறித் தேய்த்து மாட்டினான். அவள் உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"நாளைக்கே போய்ப் போட்டுடு" என்றான் அவன்.

"பெஞ்சுல இன்னும் ஒன்பது பேர் இருக்காங்க."

"அஞ்சு வருஷம்மா. ஏதாவது ஆகி விட்டுப்போச்சுன்னா?"

"முப்பது நாள் இருக்குங்க."

அவன் தினமும் காலையில் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனான்.

இருபத்தொன்பது நாளில் எட்டுப் பேர் முடிந்தார்கள். மிச்சம் தராசு ஐயா ஒருவர்தான். அவருடைய விசாரணையை வாரியம் மூன்று முறை தள்ளிப்போட்டு, அவளுடைய முப்பதாவது நாளில் வைத்தது. பதிவேடு மாலை நான்கு மணிக்கு மூடப்படும். விசாரணை பத்து மணிக்கு என்று போட்டிருந்தார்கள்.

பத்து மணிக்குக் கூப்பிடவில்லை. பன்னிரண்டுக்கும் கூப்பிடவில்லை. இரண்டு மணிக்குத் தலைவர் சாப்பிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். புருஷன் மேல்மாடியில் பதிவேட்டுக்கு எதிரில் நின்று அரைமணிக்கு ஒருதரம் போன் செய்தான். மூன்றரைக்குத் தராசு ஐயா அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க மேல போங்கம்மா. எனக்கு வயசாயிடுச்சு. உங்களுக்கு இன்னும் இருபது வருஷத் தொழில் இருக்கு."

"தள்ளிப்போட்ட நாளெல்லாம் கழிச்சும் உங்க கோப்பு நாளைக்கு அஞ்சு வருஷம் முடியுதே ஐயா."

"முடியட்டுமே. எடை போடறது ஒண்ணும் கேவலம் இல்லை."

அவள் எழுந்தாள். படிக்கட்டு வரை போனாள். கைப்பிடியில் கை வைத்து அங்கேயே நின்றாள். மேலே போனால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. தராசு ஐயா தன் கோப்பை மடியில் நேராக வைத்து, தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம் மேடையில் உட்கார்ந்த மனிதர், வகுப்பறை வாசலில் நிற்கும் பையனைப்போல.

அவள் திரும்பி வந்து நாலாம் அறைக் கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"இன்னும் கூப்பிடலையே!" என்றார் தலைவர்.

"விதி இருபத்தொண்ணு. குறித்த நேரத்துல இருந்து அஞ்சரை மணி நேரத்துக்குள்ள கூப்பிடலைன்னா விண்ணப்பதாரர் தானே உள்ள வரலாம். மணி மூணு முப்பத்தாறு."

தலைவர் மெல்லச் சிரித்தார். "சரி. முழுசா விசாரிப்போம். அவசரமே இல்லை." முதல் பக்கத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்கத் தொடங்கினார். கடிகாரம் நாற்பதைத் தாண்டியது. நாற்பத்தைந்து. கைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"ஐயா" என்றாள், "இவர் கோப்புல ஒரே ஒரு குறைபாடுதான் எழுதியிருக்கீங்க. நீதிபதியா இருந்தவர் வழக்கறிஞரா எவ்வளவு காலம் இருந்தார்னு தெளிவா இல்லை. இருபத்தாறாம் பக்கம், பதினஞ்சு வருஷம்னு அவங்க நாட்டு உயர்நீதிமன்றமே எழுதியிருக்கு. பாருங்க. நாலு மாசம் முன்ன ஒரு பேராசிரியைக்கு இதே காரணத்துல நீங்க உத்தரவு போட்டீங்க. அதே மாதிரித் தாளை அதே அறையில இன்னிக்கு ஏத்துக்கலைன்னா, ஏன்னு எழுத்துல கொடுக்கணும். நான் காத்திருக்கேன். ராத்திரி ஆனாலும் காத்திருக்கேன்."

"உங்க பதிவேடு நாலு மணிக்கு மூடிடும்" என்றார் வலப்பக்க உறுப்பினர்.

"தெரியும். மூடினா நான் வழக்கறிஞர் ஆக மாட்டேன். நாளைக்கும் இங்கதான் வருவேன். நாளன்னிக்கும். இந்த அறைக்கு ஆயுசு முழுக்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அசைந்தது இடப்பக்க உறுப்பினர். இத்தனை காலத்தில் முதல்முறையாக எல்லாருக்கும் கேட்கும்படி வாய் திறந்தார்.

"கையெழுத்தப் போட்டுத் தொலைங்க சார்! அந்தம்மா மேல போகணும்!"

தலைவர் இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்தார், அது எழுதவில்லை. இன்னொன்றை எடுத்தார். மூன்று ஐம்பத்து நான்குக்கு முத்திரை விழுந்தது.

அவள் ஓடினாள். இரண்டு மாடி. மேலே கோப்பு அதிகாரி பதிவேட்டை விரித்து, பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். புருஷன் பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தான். ஓடிவந்த வேகத்தில் போட்ட கையெழுத்து அவளுடையதுபோலவே இல்லை.

"பரவாயில்ல, செல்லும்" என்றார் கோப்பு அதிகாரி. அப்புறம் நீல முத்திரைச் சான்றிதழைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். "மூணு ஐம்பத்தெட்டு. இனிமே நீங்க நாலாம் அறைக்குப் போகக் கூடாது, வக்கீலம்மா."

கீழே இறங்கி வந்தபோது தராசு ஐயா தாழ்வாரத்தில் நின்று தன் உத்தரவைப் படித்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அவள் அவர் தோளைத் தொட்டாள்.

"ஐயா, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு. ஓடிப்போய் நீங்களும் கையெழுத்துப் போட்டுடுங்க."

அவர் உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு முப்பது நாள் இருக்கேம்மா" என்றார். பிறகு பெஞ்சின் ஓரத்தில் கோப்பை அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஒரு புதுப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உங்க விசாரணை என்னிக்கு?"